பழைய ஷட்டர் மோட்டாரை போனில் இயக்குவது எப்படி?

கேள்வி: காலடிப்பேட்டையில் தனி வீடு. கார் ஷெட்டுக்கு 10 அடி அகலம், 9 அடி உயரத்தில் ரோலிங் ஷட்டர். சைடு மோட்டார் போட்டு 12 வருஷம் ஆகிறது. இரண்டு ரிமோட்டில் ஒன்று தொலைந்தது. இன்னொன்று ஷட்டருக்கு நாலடியில் நின்று அழுத்தினால்தான் கேட்கிறது. ஷட்டர்காரர் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார். வைஃபை ரிலே போர்டு வாங்கிப் போட்டு, போனிலேயே திறந்து மூட முடியாதா? யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் இரண்டே ஒயரில் முடித்துவிடுகிறார்களே?

பதில்:

முடியும். மோட்டாரை மாற்றத் தேவையில்லை. ஆனால் அந்த வீடியோக்களை அப்படியே பார்த்துச் செய்தால் காயில் கருகும்.

அங்கே இருப்பது வேறு சாமான். மேல்கூரையில் தண்டவாளம் போட்டு, பலகைக் கதவை உள்ளே இழுக்கிற கராஜ் ஓப்பனர். அதற்கு ஒரே பட்டன்: ஒரு தட்டு தட்டினால் திறக்கும், இன்னொரு தட்டில் நிற்கும், அடுத்த தட்டில் மூடும். அதனால்தான் ஒரு ரிலே (சிக்னல் வந்தால் இரண்டு ஒயரைச் சேர்த்துவிடும் மின் சுவிட்ச்), இரண்டு ஒயர் போதும். அதோடு, 1993 முதல் அங்கே விற்கிற ஓப்பனர்களில் கீழே குறுக்கே போகிற ஒளிக்கதிர் சென்சார் போன்ற பாதுகாப்பு கட்டாயம்; குழந்தை நடுவில் வந்தால் கதவு தானே மேலே திரும்பிவிடும். நம் ஊர் சைடு மோட்டாரில் மேலே, கீழே, ஸ்டாப் என்று மூன்று பட்டன். குறுக்குச் சென்சார் பெரும்பாலும் கிடையாது. இறங்குகிற தகடு எதிரே என்ன இருக்கிறதென்று பார்க்காது.

போர்டு வாங்கும் முன் அதிகம் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. ரிமோட்டின் பேட்டரி பெரும்பாலும் 23ஏ அல்லது 27ஏ என்கிற 12 வோல்ட் குட்டி பேட்டரி, மாற்றிப் பாருங்கள். பிறகு மெயினை அணைத்து, கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து ரிசீவர் போர்டிலிருந்து தொங்கும் ஒற்றை ஒயரைத் தேடுங்கள். அதுதான் ஏரியல். பாதிப் பெட்டிகளில் அதைச் சுருட்டி இரும்புப் பெட்டிக்குள்ளேயே திணித்திருப்பார்கள். 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டுக்கு அதன் நீளம் சுமார் 17 செ.மீ. இருக்க வேண்டும். ஒயரை நேராக்கி, பெட்டியின் ரப்பர் துளை வழியாக வெளியே விடுங்கள். நாலடி நாற்பதடியாகும் வாய்ப்பு உண்டு. ஷட்டர் திறந்தால் போதும் என்பவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போனில்தான் வேண்டும் என்றால், ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: மோட்டாருக்குப் போகும் கரன்ட்டை உங்கள் ரிலே தொடக் கூடாது. மோட்டாரை இழுப்பது, லிமிட்டில் (மேல், கீழ் எல்லையில்) நிறுத்துவது, பிரேக் பிடிப்பது எல்லாம் பழைய பெட்டியின் வேலையாகவே இருக்கட்டும். நம் போர்டு அந்தப் பெட்டியின் பட்டனை அழுத்துகிற இன்னொரு விரல், அவ்வளவுதான். விரல் செத்தாலும் சுவரில் இருக்கும் பட்டன் வேலை செய்யும், கைச்சங்கிலி வேலை செய்யும்.

காரணம் சொல்கிறேன். சிங்கிள் ஃபேஸ் ஷட்டர் மோட்டாரில் நியூட்ரல் பொது. மேலே ஒரு ஒயர், கீழே ஒரு ஒயர். இரண்டுக்கும் நடுவில் கெப்பாசிட்டர். மேலே போகும்போது கீழ் ஒயர் சும்மா இருப்பதில்லை. கெப்பாசிட்டர் வழியாக அதில் மெயின்ஸைவிட அதிக வோல்டேஜ் நிற்கும். இரண்டு ஒயரிலும் ஒரே நேரம் ஃபேஸ் போனால் மோட்டார் சுற்றாமல் உறுமும், சூடாகும், பிறகு வாசனை வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே திசையை மாற்றினால் கியரும் சங்கிலியும் அடி வாங்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் நீல நிற ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது ஹீட்டர், பல்பு மாதிரி லோடுக்கு. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரன்ட்டில் அதன் கான்டாக்ட் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். கீழே போகிற ரிலே ஒட்டிக்கொண்டால் லிமிட் சுவிட்ச் ஒன்றுதான் உங்களைக் காப்பாற்ற வேண்டும்.

அடுத்தது, உங்கள் பெட்டி எந்த ஜாதி என்று கண்டுபிடிப்பது. மெயினை அணைத்து மூடியைத் திறங்கள். உள்ளே பச்சை போர்டும் சின்ன ரிலேக்களும் இருந்தால் எலெக்ட்ரானிக் பெட்டி. தீப்பெட்டியைவிடப் பெரிய இரண்டு கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரன்ட் விடும் பெரிய ரிலே) இருந்தால் பழைய பாணி. சுவர் பட்டனின் ஒயர் வந்து சேரும் டெர்மினலைக் குறித்துக்கொள்ளுங்கள். மெயினைப் போட்டு, மல்டிமீட்டரை முதலில் ஏசி 600 வோல்ட் ரேஞ்சில் வைத்து, பொது டெர்மினலுக்கும் மேல் டெர்மினலுக்கும் நடுவே அளங்கள். ஏசி எதுவும் வராமல், டிசியில் 5, 12 அல்லது 24 வோல்ட் வந்தால் நல்ல காலம். ஏசி 230 வந்தால் பட்டன் நேராகக் கான்டாக்டர் காயிலை இயக்குகிறது. அப்போதும் ரிலே போதும், காயில் இழுப்பது மிகக் குறைவு. ஆனால் அந்த ஒயர் முழுக்க மெயின்ஸ். அதற்கேற்ற ஒயர், தனிப் பெட்டி, எலெக்ட்ரீஷியன் கை எல்லாம் வேண்டும். வீட்டுக்கு மூன்று ஃபேஸ் கனெக்‌ஷன் என்றால் இன்னொரு பொறி உண்டு: மோட்டார் ஒரு ஃபேஸிலும், நீங்கள் போர்டுக்கு எடுக்கும் பிளக் இன்னொரு ஃபேஸிலும் இருந்தால், ஒரே பெட்டிக்குள் 415 வோல்ட் வித்தியாசம் நிற்கும். இரண்டையும் ஒரே ஃபேஸில் எடுங்கள்.

மேல் பட்டனை ஒரு தட்டு தட்டிக் கையை எடுங்கள். ஷட்டர் தானே முழுக்க ஏறினால், ரிலே அரை செகண்ட் மூடித் திறந்தால் போதும். கையை எடுத்ததும் நின்றால் அது பிடித்திருந்தால்தான் ஓடும் வகை. ஆள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தது. அதைப் போனில் இணைத்து அந்தப் பாதுகாப்பை அவிழ்க்க வேண்டாம்.

ஸ்டாப் பட்டனில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கான்டாக்டர் பெட்டியில் ஸ்டாப் எப்போதும் மூடியிருக்கும் சுவிட்ச். அழுத்தினால் சர்க்யூட் அறும். எலெக்ட்ரானிக் போர்டு பலவற்றில் நேர் எதிர், அழுத்தினால் சேரும். மெயினை அணைத்து, பட்டன் ஒயரை டெர்மினலிலிருந்து கழற்றி, மீட்டரில் பீப் சத்தம் வைத்துப் பாருங்கள். அழுத்தாமலே பீப் வந்தால் முதல் வகை. அங்கே ரிலேயின் என்சி (சும்மா இருக்கும்போது மூடியிருக்கும்) கான்டாக்டை ஸ்டாப் லைனில் வரிசையாகக் கோர்க்க வேண்டும். என்ஓ (சும்மா இருக்கும்போது திறந்திருக்கும்) கான்டாக்டைக் கோர்த்தால் ஷட்டர் எந்தப் பட்டனுக்கும் அசையாது. பழி மோட்டார் மேல் விழும்.

வாங்க வேண்டியவை: இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள குட்டி கன்ட்ரோலர்) ஒன்று, வெளி ஏரியல் மாட்டும் வகையாக, 4 சேனல் 5 வோல்ட் ரிலே மாட்யூல், நல்ல கம்பெனி 5 வோல்ட் 2 ஆம்பியர் மொபைல் சார்ஜர், இரண்டு காந்த சென்சார், எதிரெதிர் வகை ஒளிக்கதிர் சென்சார் ஒரு ஜோடி, அது கேட்கும் 12 அல்லது 24 வோல்ட் சப்ளையோடு, ஒரு பஸ்ஸர், ஐபி65 பிளாஸ்டிக் பெட்டி. போர்டில் நேராகச் சொருகும் குட்டி 3 வாட் பவர் மாட்யூல் வேண்டாம். ரிலே ஒவ்வொன்றும் சுமார் 70 மில்லி ஆம்பியர் இழுக்கும்; வைஃபை அனுப்பும் நொடியில் இஎஸ்பி தனியாக ஒரு இழுப்பு இழுக்கும். ரிலே இழுக்கும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். 5 வோல்ட் லைனில் போர்டுக்குப் பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள்.

ஒயரிங்கில் ஒரு சின்ன தந்திரம். டெர்மினல் பெயர்கள் பெட்டிக்குப் பெட்டி மாறும், முறை ஒன்றுதான். பெட்டியின் பொது டெர்மினலிலிருந்து வரும் ஒயரை முதல் ரிலேயின் காமனில் கொடுங்கள். அந்த ரிலேயின் என்ஓ, மேல் டெர்மினலுக்கு. அதே ரிலேயின் என்சியை இரண்டாவது ரிலேயின் காமனுக்குக் கொண்டுபோங்கள். இரண்டாவதன் என்ஓ, கீழ் டெர்மினலுக்கு. இப்போது புரோகிராம் பைத்தியமாகி இரண்டு ரிலேயையும் சேர்த்து இழுத்தாலும் மேல் மட்டும்தான் போகும். கீழ் லைன் முதல் ரிலேயிலேயே அறுந்திருக்கும். சாஃப்ட்வேரில் இன்டர்லாக் போட்டாலும் இந்த ஒயரை விட்டுவிடாதீர்கள். செலவு அரையடி ஒயர்.

இஎஸ்பி32-ல் பின் தேர்வு முக்கியம். ரிலேக்கு ஜிபிஐஓ (போர்டின் பின் எண்) 18, 19, 23, பஸ்ஸருக்கு 25, சென்சாருக்கு 32, 33, ஒளிக்கதிருக்கு 27. 0, 2, 5, 12, 15 இவற்றைத் தொடாதீர்கள். இவை போர்டு எப்படி எழுந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பின்கள். 12-ல் சென்சாரை மாட்டி, அது ஹையில் நிற்கும்போது கரன்ட் போய் வந்தால், போர்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. டேபிளில் நன்றாக ஓடியது, ஷெட்டில் மாட்டியதும் செத்துவிட்டது என்பார்கள். 34 முதல் 39 வரை இன்புட் மட்டும். உள்ளே புல்-அப் (பின்னை ஹையில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது.

ரிலே மாட்யூல் பெரும்பாலும் பின் லோவுக்குப் போனால் இழுக்கும் வகை. இஎஸ்பி தருவது 3.3 வோல்ட், மாட்யூல் எதிர்பார்ப்பது 5. ரிலே சரியாக விடாமல் எல்இடி மங்கலாக எரிந்தால், மாட்யூலில் இருக்கும் ஜம்பரைக் கழற்றி, ஜேடி-விசிசிக்கு 5 வோல்ட்டும், விசிசிக்கு 3.3 வோல்ட்டும் தனித்தனியாகக் கொடுங்கள்.

சாஃப்ட்வேருக்கு இஎஸ்பிஹோம் (இஎஸ்பி போர்டுகளுக்கான இலவச சாஃப்ட்வேர்) போதும். ரிலேயைத் தட்டிவிடும் பட்டனாக எழுதுங்கள்: இழு, 500 மில்லி செகண்ட் பொறு, விடு. கரன்ட் வந்ததும் எல்லா ரிலேயும் ஆஃபில்தான் எழ வேண்டும் என்று ரீஸ்டோர் மோடில் சொல்லிவிடுங்கள். இறங்குகிறபோது மேல் பட்டனைத் தொட்டால் முதலில் ஸ்டாப், ஒரு செகண்ட் இடைவெளி, பிறகுதான் மேல். இன்னொன்று: ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்தில் இயக்கும் சாஃப்ட்வேர்) இல்லாமல் அதன் வெப் பக்கத்தை மட்டும் போனில் திறந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், ஏபிஐ பகுதியை (ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேசும் பகுதி) எடுத்துவிடுங்கள், அல்லது அதன் ரீபூட் டைம்-அவுட்டைப் பூஜ்யமாக்குங்கள். இல்லாவிட்டால் யாரும் தன்னோடு பேசவில்லையே என்று 15 நிமிஷத்துக்கு ஒருமுறை போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகும். அந்த வெப் பக்கத்துக்குக் கண்டிப்பாக பாஸ்வேர்டு போடுங்கள்.

இனி சென்சார். பணத்தை மிச்சம் பிடிப்பவர்கள் கை வைக்கும் இடம் இது. "மேலே தட்டினேன், 35 செகண்ட் ஆச்சு, ஆகவே திறந்திருக்கும்" என்று போர்டு ஊகிக்கக் கூடாது. நடுவில் கரன்ட் போயிருக்கலாம், யாராவது சுவர் பட்டனை அழுத்தியிருக்கலாம். ஆபீஸில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறீர்கள், மூடியிருக்கிறது என்கிறது; ஷட்டர் ஒன்றரை அடி திறந்து கிடக்கிறது. மூடிய நிலைக்கு ஒரு காந்த சென்சார், முழுக்கத் திறந்த நிலைக்கு ஒன்று என்று கைடின் (ஷட்டர் ஓடும் பக்கத் தடம்) அடியிலும் மேலேயும் வையுங்கள். எம்சி-38 என்று விற்கிற வெள்ளை பிளாஸ்டிக் சென்சார் மரக்கதவுக்கானது. இரும்புத் தகட்டில் ஒட்டினால் காந்தத்தின் வீச்சு பாதியாகிவிடும். கடல்காற்றில் ஷட்டர் ஒரு விரல்கடை ஆடினாலே திறந்தது, மூடியது, திறந்தது என்று மெசேஜ் கொட்டும். ஷட்டருக்கென்றே அலுமினிய உடம்போடு, நாலைந்து செ.மீ. இடைவெளி தாங்கும் சென்சார் வருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். காந்தத்தைப் பாட்டம் பிளேட்டில் ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். டபுள் டேப் மே மாத வெயிலில் கழன்றுவிடும். மூடியிருக்கும்போது சர்க்யூட் சேர்ந்திருக்கிற மாதிரி இணைத்தால், ஒயரை எலி கடித்தாலும் போன் "திறந்திருக்கிறது" என்றுதான் சொல்லும். தவறு அந்தப் பக்கமாகவே இருக்கட்டும்.

சென்சார் ஒயரை மோட்டார் ஒயரோடு ஒரே பைப்பில் கொண்டுவராதீர்கள். ஐந்தாறு மீட்டர் பக்கத்தில் ஓடினால், மோட்டார் நிற்கும் நொடியில் ஏறும் ஸ்பைக் சென்சார் பின்னில் பொய்ச் சிக்னலாக விழும். இஎஸ்பியின் உள் புல்-அப் பலவீனமானது, வெளியே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டுக்கும், 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரை கிரவுண்டுக்கும் போட்டு, புரோகிராமில் 100 மில்லி செகண்ட் ஃபில்டர் வைத்தால் அடங்கும். கான்டாக்டர் பெட்டியாக இருந்தால் ஒவ்வொரு காயிலின் குறுக்கேயும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்த ஸ்நப்பர் (ஸ்பைக்கை அடக்கும் ஜோடி) ஒன்று போடுங்கள்.

ஒளிக்கதிர் சென்சார் இல்லாமல் போனில் மூடும் வசதியை வைக்காதீர்கள். திறப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மூடுவதைச் சுவர் பட்டனில் செய்யுங்கள். பொருத்தும்போது தரையிலிருந்து சுமார் 15 செ.மீ. உயரத்தில், கைடுக்கு ஒட்டியபடி, பெறுகிற கண்ணில் காலை வெயில் நேராக விழாத பக்கமாக வையுங்கள். கதிரை மறித்தாலும், ஒயர் அறுந்தாலும், சப்ளை போனாலும் சர்க்யூட் அறுகிற மாதிரி அதன் கான்டாக்டை எடுங்கள். பழைய கான்டாக்டர் பெட்டியில் அந்தக் கான்டாக்டைக் கீழ்க் கான்டாக்டரின் காயில் லைனில் கோர்த்தால், இறங்கிக்கொண்டிருக்கும் ஷட்டர் அந்த நொடியே நிற்கும். மேலே ஏற்றுவதற்குத் தடையில்லை. காயில் 230 வோல்ட் என்றால் சென்சாரின் கான்டாக்ட் அதைத் தாங்குமா என்று பாருங்கள். இல்லையென்றால் நடுவில் ஒரு ரிலே. நம் கீழ் ரிலேயோடு வரிசையாகக் கோர்ப்பது உபயோகமில்லாத வேலை: அது தட்டுவதோ அரை செகண்ட், ஷட்டர் அதன் பிறகு தன் பாட்டுக்கு இறங்கும். எலெக்ட்ரானிக் பெட்டியில் ஃபோட்டோ என்று தனி டெர்மினல் இருந்தால் அதில் கொடுங்கள். இல்லையென்றால் இஎஸ்பியே கதிரைக் கவனித்து ஸ்டாப் ரிலேயைத் தட்ட வேண்டும். இது இரண்டாந்தரம்தான்; குறைந்தபட்சம் அந்த முடிவை போர்டே எடுக்கட்டும், வைஃபை வழியாக ஹோம் அசிஸ்டன்ட்டுக்குப் போய் வரக் கூடாது. போனில் மூடச் சொன்னதும் 5 செகண்ட் பஸ்ஸர் கத்திய பிறகே ரிலே தட்டட்டும். ஷட்டர் அடியில் படுக்கும் தெருநாய்க்கு அது போதுமான நேரம்.

மாட்டிய உடனே மோட்டாரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். மெயினை அணைத்து, கெப்பாசிட்டரின் சார்ஜ் இறங்க அவகாசம் கொடுத்து, பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மேல், கீழ் இரண்டு ஒயரையும் கெப்பாசிட்டரையும் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஹோல்டரோடு இரண்டு ஜீரோ வாட் பல்பை மாட்டுங்கள். போனில் மேலே என்றால் ஒன்று, கீழே என்றால் மற்றது, ஸ்டாப் என்றால் இரண்டும் அணைய வேண்டும். பத்து தடவை வேகமாக மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரு தடவைகூட இரண்டும் சேர்ந்து எரியக் கூடாது. பல்பு எரியும்போது இஎஸ்பியின் சப்ளையைப் பிடுங்கிப் போடுங்கள், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், மெயின் எம்சிபியையும் தட்டுங்கள். திரும்பி வந்ததும், அணைந்திருந்த எந்தப் பல்பும் தானாக எரியக் கூடாது. இவ்வளவும் தேறினால் மோட்டாரை இணைத்து, ஷட்டரைப் பாதியில் நிறுத்தி வைத்துத் தொடங்குங்கள். லிமிட் சரியாக வெட்டுகிறதா என்று முதல் நாலைந்து ஓட்டம் ஸ்டாப் பட்டனில் கை வைத்தபடி பாருங்கள். பழைய சைடு மோட்டாரில் சங்கிலி தளர்ந்திருந்தால் லிமிட் விலகியிருக்கும். ஷட்டர் கைடில் சிக்கிச் சிக்கி ஏறினாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மோட்டார் உறுமிக் கொண்டு கிளம்ப மறுத்தால், அதே மைக்ரோஃபாரட்டில் புது கெப்பாசிட்டர் போடுங்கள்.

இரும்பு ஷட்டர், இரும்புப் பெட்டி, கான்கிரீட் சுவர் மூன்றும் வைஃபைக்கு எதிரி. போர்டு காட்டும் சிக்னல் மைனஸ் 70-க்கு மேலே (மைனஸ் 60 மாதிரி) இருந்தால் நல்லது; மைனஸ் 80 என்றால் தினமும் ஒருமுறை காணாமல் போகும். இஎஸ்பி32-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். இன்வெர்ட்டரில் இஎஸ்பியையும் ரவுட்டரையும் ஓட்டுங்கள், மோட்டாரை வேண்டாம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இந்த மோட்டார் உறுமிச் சூடாகும். கைச்சங்கிலி உள்ளே இருக்கிறது, நீங்கள் வெளியே நிற்கிறீர்கள், கரன்ட் இல்லை: ஷெட்டுக்கு வேறு வாசல் உண்டா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து இயக்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாதீர்கள். டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்ட் என்கிற விபிஎன் சாஃப்ட்வேர் போட்டு வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைந்து இயக்குங்கள். கம்பெனி ஆப்பை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்காவின் சேம்பர்லைன் என்கிற கராஜ் ஓப்பனர் கம்பெனி 2023 இறுதியில், போனில் கதவை இயக்கும் தன் மைக்யூ சேவையோடு அனுமதியில்லாமல் பேசும் வெளி சாஃப்ட்வேர்களையெல்லாம் அடைத்தது, அதை ஹோம் அசிஸ்டன்ட் வழியாக இயக்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். வீட்டுக்குள்ளேயே ஓடுகிற இஎஸ்பிக்கு அந்தத் தொல்லை இல்லை. தொலைந்த ரிமோட்டையும் மறக்காதீர்கள். அந்தக் காலத்து ரிமோட்டுகள் பலவும் மாறாத கோடு அனுப்பும் வகை. பத்து நிமிஷத்தில் நகல் எடுக்கலாம். ரிசீவரில் இருக்கும் கற்றல் பட்டனை நீண்ட நேரம் அழுத்தி எல்லா ரிமோட்டையும் அழித்து, கையில் இருப்பதை மட்டும் மறுபடி சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் ஊர்க் காற்று. கடலிலிருந்து இவ்வளவு பக்கத்தில் ஒரு மழைக்காலம் போனால் போர்டின் ஈயப் பற்று வெளுத்துப் பச்சை பூக்கும். சோதனை முடிந்த பிறகு ரிலே, கனெக்டர், பட்டன் எல்லாவற்றையும் டேப்பால் மறைத்து, கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே (ஈரம் தடுக்கும் பூச்சு) இரண்டு பூச்சு அடியுங்கள். பெட்டிக்கு ஒயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பை போடுங்கள். பெட்டியைத் தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் மாட்டுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் தெருவில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு நின்றது என்று சுவரில் கறை இருந்தால், அதற்கும் மேலே. ஒளிக்கதிர் கண்ணை மேலே தூக்க முடியாது, அது முழுகத்தான் செய்யும். அதனால் அதன் ஒயரை நடுவில் ஒரு பிளக் வைத்து இணையுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்து வைத்துவிடலாம். கண் இல்லாத நாளில் போனில் மூட முடியாது, அது சரிதான்; அதைக் காயில் லைனில் கோர்த்திருந்தால் சுவர் பட்டனிலும் மூடாது, கைச்சங்கிலிதான். வாரம் ஒருமுறை அதன் லென்ஸை ஈரத்துணியால் துடையுங்கள். உப்புப் படலமும் எண்ணூர்ப் பக்கத்துத் தூசியும் படிந்தால், குறுக்கே ஒன்றுமே இல்லாமலும் ஷட்டர் இறங்க மறுக்கும்.